கடைசிக் கை

பட்டறையில் அவருக்குக் கடைசிக் கை என்று பெயர். மரத்தை அறுப்பவர் ஒருவர், சட்டத்துக்குத் துளை போடுபவர் ஒருவர், கோத்து ஆப்பு அடிப்பவர் ஒருவர். எல்லோரும் விட்ட பிறகு கதவு அவரிடம் வரும். நிலையில் வைத்துப் பார்த்து, முட்டும் பக்கத்தை இழைத்து, மறுபடி வைத்துப் பார்ப்பார். அவர் முடித்த கதவை ஒரு விரலால் தள்ளினால் போதும். தானே போய், பெருமூச்சு போன்ற ஒரு சத்தத்துடன் அமரும். அதன்பிறகு அந்தக் கதவில் யாரும் கை வைப்பதில்லை.

“சாவு வீட்டுல வச்ச பேரு மாதிரி இருக்கு மாமா. வேற நல்ல பேரா கேட்டு வாங்கிக்கங்க” என்பான் மைத்துனன்.

“பேரை மாத்தினா கதவு சாத்துமா?”

மைத்துனன் அவர் மனைவியின் தம்பி. அடுத்த மேசையில் சட்டம் கோப்பவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சாயங்காலச் சாப்பாடு அக்காள் வீட்டில். வாய் ஓயாதவன். பட்டறையின் தகரக் கூரைக்கு அடியில் இரண்டு சத்தங்கள்தான் எப்போதும் கேட்கும் என்று மற்றவர்கள் சொல்வார்கள். ஒன்று கடைசியில் இருக்கும் வட்ட ரம்பம். இன்னொன்று மைத்துனன்.

அவர் இந்தப் பட்டறைக்கு மரம் சுமக்க வந்தவர். சுமந்து இறக்கிய மரத்தை மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நின்று பார்த்தார். அப்போது மேசையில் இருந்த தச்சர் அவரை ஒரு நாள் பலகையின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னார். சில வருஷம் கழித்துத் தன் மகளையும் கொடுத்தார். முதன்முதலாக அவர் சொந்தமாக வாங்கிய இழைப்புளி, பழைய இரும்புக் கடையின் வாசலில் பூட்டுகளோடும் திருகாணிகளோடும் குவியலில் கிடந்தது. நீலச் சாயம், பிளாஸ்டிக் கைப்பிடி. மாமனார் அதைத் திருப்பி அடியைப் பார்த்துவிட்டு, “பொம்மை நல்லா இருக்கு” என்றார். மாமனார் போன பிறகும் அந்தப் பொம்மையோடுதான் அவர் மேசையில் நின்றார். நீலம் உதிர்ந்தது. கைப்பிடி உடைந்து, அவரே ஒரு மரப்பிடி செதுக்கிப் போட்டார். மகள் பிறந்து, படித்து, வேறு ஊரில் வேலைக்குப் போனாள்.

விலை உயர்ந்த இழைப்புளி, மலிவு இழைப்புளி என்ற பேச்சைப் பட்டறைக்குக் கொண்டுவந்தவன் மைத்துனன்தான். சாப்பாட்டு இடைவேளையில் போனில் படம் பார்ப்பான். வெள்ளை மேலங்கி போட்ட ஒருவன் பித்தளைத் திருகு வைத்த இழைப்புளியைத் தள்ளுவான். சீவல் கண்ணாடித் தாள் மாதிரி சுருண்டு எழும். அதை விரல்களுக்கு நடுவில் விரித்துக் காட்டுவான். அவன் முகம் அதன் வழியாகத் தெரியும்.

“பேருக்குத்தான் இவ்வளவு விலை. அலகைத் தீட்டு, அடியைச் சமமாக்கு, எந்த உளியும் இப்படித்தான் சீவும். இரும்பு இரும்புதானே? ரெண்டும் ஒண்ணுதான்” என்பான். சொல்லிவிட்டு அதே படத்தை மறுபடி முதலிலிருந்து ஓட்டுவான்.

“ஒண்ணுன்னா எதுக்குடா தெனமும் பாக்குற?” என்றார் துளை போடுபவர்.

“எவ்வளவு ஏமாத்துறான்னு பாக்குறேன்.”

ஊருக்கு வந்த மகள் மாமனின் போனில் அந்தப் படத்தைப் பார்த்தாள். அடுத்த முறை வந்தபோது பையிலிருந்து ஒரு மரப் பெட்டியை எடுத்து அப்பாவின் மடியில் வைத்தாள். உள்ளே பச்சைக் கம்பளித் துணியில் அந்தப் படத்து இழைப்புளி படுத்திருந்தது. அவர் நினைத்ததைவிடக் கனம். அடியில் அவர் முகம் மங்கலாகத் தெரிந்தது.

“எதுக்கும்மா இதெல்லாம்? என்கிட்ட இருக்கே.”

“அந்தப் பொம்மையா? நான் பொறக்கறதுக்கு முன்னாலேருந்து இருக்குப்பா அது.”

பெட்டி சில நாள் அலமாரியிலேயே இருந்தது. மனைவிதான் எடுத்துக் கையில் கொடுத்தாள். “பொண்ணு வாங்கிக் குடுத்திருக்கா. பூட்டி வச்சு அழகு பாக்கறதுக்கா?”

பட்டறையில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். அவர் ஒரு தேக்குப் பலகையின் விளிம்பில் அதை வைத்துத் தள்ளினார். கிழிபடும் சத்தமே இல்லை. துணியை இழுப்பது போல ஒரு ஓசை, அவ்வளவுதான். சீவல் ஒரே நீளமாக வந்து அவர் முழங்கையில் விழுந்தது. மைத்துனன் அந்தச் சீவலை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.

“மரம் நல்ல மரம்” என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். “சரி மாமா, பொம்மையை நான் வச்சுக்கறேன். ரெண்டும் ஒண்ணுதான்னு காட்டறேனா இல்லையா பாருங்க.” அவர் கொடுத்துவிட்டார். கொடுத்தபோது மரப்பிடியில் தன் விரல்கள் பதிந்த பள்ளங்களைப் பார்த்தார். கேட்டால் தருவான், எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்துக்கொண்டார்.

மழைக்காலத்தில் ஒரு கதவு திரும்பி வந்தது. சாத்தும்போது முக்கால்வழி வந்து நிற்கிறது என்றார்கள். மழை, மரம் ஊதியிருக்கும் என்றார் முதலாளி. இன்னொன்று வந்தது. அதையும் மழை என்றார்கள். மூன்றாவது வந்தபோது வெயில் அடித்துக்கொண்டிருந்தது. முதலாளி அவரைப் பார்த்தார்.

ரம்பக்காரரின் கை ரம்பத்தில் மாட்டியது அந்த வாரம்தான். ரம்பத்தின் பல்லுக்கு மேலே ஒரு மூடி இருக்க வேண்டும். அகலப் பலகைக்கு இடைஞ்சல் என்று முதலாளி அதைக் கழற்றி வைத்து வெகுநாளாகியிருந்தது. மரம் உள்ளே போகும்போது ரம்பத்தின் குரல் கம்மும். வெளியே வந்ததும் மறுபடி உயரும். அன்று நடுவில் வேறு ஒரு குரல் கேட்டது. இரண்டு விரல்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ரம்பக்காரர் ஒரு நாள் பட்டறைக்கு வந்தார், தன் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துப் போக. அடுக்குப் பாத்திரத்தின் கொக்கியை மாட்ட முயன்றார். வரவில்லை. மைத்துனன் போய் மாட்டிக் கொடுத்தான். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் ரம்பக்காரர் போய்விட்டார்.

ரம்பத்துக்கு வெளியிலிருந்து யாரும் வரவில்லை. விஷயம் பரவியிருந்தது. புதிதாக ஒரு விடுதிக்கு எல்லா அறைக் கதவுகளும் செய்துதரும் வேலை பிடித்திருந்த நேரம். முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

“ரம்பம் சும்மா நிக்குது. உங்கள்ல ஒருத்தன்தான் போகணும். யாரையும் நான் கையைப் பிடிச்சு இழுக்கமாட்டேன். இனிமே எவன் வேலை திரும்பி வருதோ, அவன் போறான்.”

சொல்லும்போது அவரைப் பார்க்கவில்லை. மற்றவர்கள் பார்த்தார்கள்.

அன்று பிற்பகல் அவர் தான் இழைத்த விளிம்பில் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே இடப்பக்கத்தில் வெளிச்சம் கீறலாகத் தெரிந்தது. விளிம்பு இடப்பக்கமாகச் சரிந்திருந்தது. இழைப்புளியின் அடியில் இரும்பு அளவுகோலை வைத்துப் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் வெளிச்சம் நுழையவில்லை. உளி நேர். இன்னொரு விளிம்பை இழைத்து மட்டத்தை வைத்தார். அதே பக்கம், அதே கீறல்.

பக்கத்து மேசைக்குப் போனார். “மாப்ளே, அந்தப் பழசைக் கொஞ்சம் குடு.”

மைத்துனனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “வந்தீங்களா? எப்ப வருவீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்.” மேசைக்கு அடியிலிருந்து அதை எடுத்துத் திருப்பிக் காட்டினான். அடி பளபளவென்று இருந்தது. “இந்தக் கோணலை வச்சா மாமா இத்தனை வருஷம் ஓட்டினீங்க? வலப்பக்கம் ஒரு தாள் கனத்துக்குக் கொறைச்சல். வார்ப்பே அப்படி. கண்ணாடி மேல உப்புத்தாளை ஒட்டி, தேய் தேய்னு தேச்சு நிமித்திட்டேன். தோள்பட்டை கழண்டு போச்சு. இப்பப் போட்டுப் பாருங்க.”

அவர் அதை வாங்கினார். மரப்பிடியின் பள்ளங்களில் விரல்கள் தாமாகப் போய் உட்கார்ந்தன. இழைத்தார். சீவல் வழவழவென்று வந்தது, புதியதில் வந்தது போலவே. மூலைமட்டத்தை வைத்தார். இடப்பக்கம் வெளிச்சம் தெரிந்தது.

வலப்பக்கம் குறைந்த உளி வலப்பக்கம் சாயப் பார்க்கும். சாயவிடாமல் இத்தனை வருஷமும் அவர் கை இடப்பக்கம் அழுத்திப் பிடித்திருக்கிறது. அவருக்கு அது தெரியவே தெரியாது. நேராகப் பிடிப்பதாகத்தான் நினைத்திருந்தார். இப்போது உளி இரண்டும் நேராகிவிட்டன.

“என்ன சொல்றீங்க?” என்றான் மைத்துனன். “ரெண்டும் ஒண்ணா இல்லையா?”

“ஒண்ணுதான்” என்றார்.

“எல்லாரும் கேட்டுக்கங்கப்பா. கடைசிக் கையே சொல்லிட்டாரு.”

கையைத் திருத்தப் பார்த்தார். இடது உள்ளங்கையின் அழுத்தத்தை நினைவாகக் குறைத்தால் விளிம்பு வலப்பக்கம் விழுந்தது. நினைவை விட்டால் இடப்பக்கம் போனது. ஒவ்வொரு இழைப்புக்கும் மட்டம் வைத்துப் பார்த்தால் கதவு நேராக வந்தது. ஆனால் அதற்குள் சுவரோரம் முடியாத கதவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து நின்றன. முதலாளி அவற்றைத் தாண்டிப் போகும்போது மேல் கதவைத் தட்டிவிட்டுப் போவார். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் அவர் இடது கை மேசை விளிம்பை அழுத்திக்கொண்டிருப்பதை மனைவி பார்த்தாள்.

“கை வலிக்குதா?”

“இல்ல.”

“பின்ன எதுக்கு அதை முறைச்சுப் பாக்கறீங்க?”

விடுமுறை நாள் மத்தியானம் அவர் ஜன்னல் கண்ணாடி ஒன்றைக் கழற்றிச் சமையலறை மேடையில் போட்டு, உப்புத்தாளை ஒட்டி, மகள் கொடுத்த இழைப்புளியை எடுத்தார். அலகைக் கழற்றித் தனியே வைத்தார். வலப்பக்கம் அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தார். நல்ல இரும்பு, சீக்கிரம் தேயவில்லை. கண்ணாடிமேல் கறுப்புத் தூள் சேர்ந்தது. மனைவி துணியோடு உள்ளே வந்தாள்.

“என்ன பண்றீங்க?”

“தீட்டறேன்.”

அவள் மேடையைப் பார்த்தாள். அலகு தண்ணீர்க் குடத்தின் பக்கத்தில் கிடந்தது. அவள் தச்சன் வீட்டில் பிறந்தவள். தீட்டுவது எதை என்று அவளுக்குத் தெரியும். துணியை மேடையோரம் வைத்துவிட்டுப் போனாள். அவர் பலகைத் துண்டில் இழைத்துப் பார்ப்பதும், மட்டம் வைப்பதும், மறுபடி தேய்ப்பதும் வாசல்வரை கேட்டுக்கொண்டிருந்தது. வெயில் தாழ்ந்தபோது நின்றது.

மறுநாள் சுவரோரக் கதவுகள் ஒவ்வொன்றாக எழுந்து போயின. எதுவும் திரும்பி வரவில்லை. விடுதிக்காரன் ஆள் வந்து கதவுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, “இது என்னங்க, மூச்சு விடுது” என்றான். முதலாளி பெட்டியைத் திறந்து இழைப்புளியைக் காட்டினார். “சாமான் அப்படி. ஒசந்த சாமான்.” யார் வேலையும் திரும்பி வராததால் ரம்பத்தை ஆளுக்கொரு நாளாகப் பயந்து பயந்து ஓட்டினார்கள். அவர் முறை வந்த நாட்களில் மைத்துனனே போய் நின்றுகொண்டான். “நீங்க கடைசிக் கை மாமா. உங்களுக்கு வெரல் வேணும். எனக்கு வாய் போதும்.”

விடுதியின் முன்வாசல் கதவு கடைசியாக வந்தது. இரண்டு ஆள் தூக்க முடியாத கதவு. அந்த அகலத்தில் அந்த மரம் இனிக் கிடைக்காது என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அதை ஏற்றிப்போக வண்டி வந்த அன்று, கடைசிக் கை வேறொரு கட்டடத்தில் கதவு நிலை பார்க்கப் போயிருந்தார். வண்டிக்காரன் அவசரப்பட்டான். ஒரு பக்கம் மட்டும் சற்று இழைக்க வேண்டியிருந்தது.

“நீ ஒரு இழைப்பு போட்டு விடேன்யா” என்றார் முதலாளி மைத்துனனிடம்.

அவன் தன் மேசையில் இருந்ததைத் தொடவில்லை. மாமாவின் பெட்டியைத் திறந்தான். எத்தனை நாள் ஆசையோ. துளை போடுபவர் பிறகு சொன்னார்: சீவல் விழ விழ அவன் பேச்சே இல்லாமல் இழைத்தான், அப்படி வாய் மூடி அவனைப் பார்த்ததில்லை. பொம்மையில் இழைக்கும்போது நாலு தள்ளுக்கு ஒருமுறை மூலைமட்டம் வைப்பவன், அன்று ஒருமுறைகூட வைக்கவில்லை. அது விலை உயர்ந்தது. அதற்கு எதற்கு மட்டம் என்று நினைத்திருப்பான்.

அவர் திரும்பி வந்தபோது கதவு நிலையில் நின்றது. எல்லோரும் சுற்றி நின்றார்கள். சாத்திய கதவுக்கும் நிலைக்கும் நடுவில் மேலிருந்து கீழ்வரை வெளிச்சம். முதலாளி அதில் விரலை விட்டுக் காட்டினார். விளிம்பு வலப்பக்கம் சரிந்திருந்தது. சீவினதை ஒட்ட முடியாது.

“உளி மேல பழியப் போட்டுராத” என்றார் முதலாளி. “அது வந்த பெட்டியப் பாரு.”

“உளியச் சொல்லலை மொதலாளி. என் கைதான். மட்டமான உளியிலயே கெடந்த கை. ஒசந்ததுக்கு அடங்கலை.” மைத்துனன் அவரைப் பார்த்தான். சிரிக்கப் பார்த்தான். “நீங்க சொன்னதுதான் சரி மாமா. ரெண்டும் ஒண்ணில்ல.”

அவர் அப்படி எதுவும் சொன்னதில்லை.

இழைப்புளி மேசைமேல் பக்கவாட்டில் கிடந்தது. ஒரு சாண் தள்ளி இரும்பு அளவுகோல். அதை எடுத்து இதன் அடியில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கினால் போதும். எல்லோரும் பார்ப்பார்கள். கோணலைப் பார்ப்பார்கள், பிறகு அது எப்படி வந்தது என்று கேட்பார்கள், பிறகு பழைய கதவுகள் ஏன் திரும்பி வந்தன என்று கேட்பார்கள், பிறகு அவர் கையைப் பார்ப்பார்கள். அவர் இழைப்புளியை எடுத்தார். அடியில் ஒட்டியிருந்த தூளைத் துணியால் துடைத்தார். பெட்டியில் வைத்து மூடினார்.

“நாளைலேருந்து நீ ரம்பத்துக்குப் போ” என்றார் முதலாளி.

“சரிங்க.”

அன்று மைத்துனன் சாப்பிட வரவில்லை. அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டான் என்று தெரிந்தது. மனைவி தட்டை வைத்தாள், பரிமாறாமல் நின்றாள்.

“எந்த உளியில இழைச்சான்?”

அவர் தட்டைப் பார்த்தார்.

“பொண்ணு குடுத்ததுலயா?”

“ஆமா.”

“அன்னிக்கு நீங்க அடியத்தானே தேச்சீங்க.”

அவர் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

“மொதலாளிகிட்ட சொன்னா என்ன பண்ணுவாரு?”

“ரம்பத்துக்கு என்னை அனுப்புவாரு.”

அவள் கரண்டியைப் பிடித்தபடி இருந்தாள். ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் கூடப் பிறந்தவன். எதையோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு குனிந்து பரிமாறினாள். “ஆறிப்போகுது, சாப்பிடுங்க” என்றாள்.

விடுதிக் கதவுகள் முடிந்தன. வேறு வேலை வந்தது. கடைசிக் கை இழைக்கிறார். கதவுகள் மூச்சு விட்டுக்கொண்டு அமர்கின்றன. மகள் போனில் கேட்டாள், உளி எப்படி இருக்கிறது என்று. நன்றாக இருக்கிறது என்றார். ரம்பம் மரத்துக்குள் போகும்போது குரல் கம்முகிறது. அது மறுபடி உயரும்வரை அவர் இழைப்புளி பலகையின் நடுவில் நிற்கிறது. உயர்ந்ததும் தள்ளுகிறார். சில சமயம் கரண்ட் போய் ரம்பம் பாதியில் நின்றுவிடும். அப்போது யாரும் எதையும் சொல்வதற்கு முன்பே அவர் மேசையை விட்டு நாலடி வந்திருப்பார்.

“என்ன மாமா, வேவு பாக்க வந்தீங்களா?” என்பான் மைத்துனன், தூள் படிந்த புருவத்தோடு.

சாயங்காலம் அவன் கை கழுவிவிட்டு வரும்போது அக்காள் துண்டை நீட்டுவாள். துண்டைக் கொடுக்கிற சாக்கில் கைகளைப் பார்ப்பாள். அவன் ஒரு நாள் கவனித்துவிட்டான். விரல்களை விரித்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“எண்ணிக்கக்கா. வட்டி போடலை, அப்படியேதான் இருக்கு.”

அவள் சிரிக்கவில்லை. அவன் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பசி போல. நன்றாகச் சாப்பிட்டான். முதலில்தான் பயமாக இருந்தது என்றான். இப்போது பெரிதாக ஒன்றுமில்லை, இதற்குப் போய் ஊரே நடுங்குகிறது என்றான்.

“நல்லா பழகிருச்சு மாமா. மரம் எங்க போகுதுன்னு கைக்கே தெரியுது. இன்னிக்கெல்லாம் நான் பாக்காமலேதான் தள்ளினேன்.”

பரிமாறிக்கொண்டிருந்த மனைவியின் கை நடுவில் நின்றது. அவள் அவரைப் பார்த்தாள்.

“பாத்தே தள்ளு மாப்ளே” என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார்.